கேக் வெட்டினால் ஆட்கள் நின்றுவிடுவார்களா?

கேள்வி: மதுரையில் 90 அறைகள் கொண்ட ஓர் ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 36. இங்கே சேர்ந்து நான்கு ஆண்டு ஐந்து மாதம் ஆகிறது. என் பிரிவில் 14 பேர். போன தீபாவளியிலிருந்து இதுவரை ஒன்பது பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் இரட்டை ஷிப்ட் பார்க்க வைக்கிறேன். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, நீங்கள்தான் அனுசரித்து நிறுத்திவைக்க வேண்டும்" என்கிறார் பொது மேலாளர். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறோம், மாதந்தோறும் சிறந்த ஊழியர் விருது தருகிறோம், வெளியிலிருந்து ஒருவரை அழைத்து ஊக்க உரையும் வைத்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. இப்போதெல்லாம் காலையில் ஊழியர் வாசலில் கைரேகை வைக்கும்போதே எனக்கு நெஞ்சை அடைக்கிறது. வார விடுமுறையிலும் தூக்கம் இல்லை. சென்ற வாரம் ஒரு விருந்தினர் புகார் சொன்னார் என்பதற்காக, புதிதாகச் சேர்ந்த பெண்ணை வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். மறுநாள் அவள் வரவில்லை. வேலையை விட்டுவிடு என்கிறார் கணவர். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவளா? விட்டுவிடட்டுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நெஞ்சை அடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைக் கவனியுங்கள். மன அழுத்தம்தான் என்று நீங்களும் முடிவு கட்ட வேண்டாம், நானும் கட்ட மாட்டேன். இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், தைராய்டு நான்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஓட்டலில் நாள் முழுக்க நின்று, நேரம் தவறிச் சாப்பிடும் பெண்கள் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதை வேலைச் சலிப்பு என்று நினைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எதிலும் ஈடுபாடு இல்லாமை, காரணமில்லாத அழுகை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போவதில் தயக்கம் வேண்டாம். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தோன்றாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

இனி, லாயக்கு பற்றி. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில், 2019-இல், பணிச்சோர்வுக்கு ஒரு விளக்கம் தந்தது. அதை நோய் என்று சொல்லாமல் 'வேலை சார்ந்த நிலை' என்றே வகைப்படுத்தியது. சரிவரக் கையாளப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்பது அதன் சாரம். அடையாளங்கள் மூன்று: உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையிலிருந்தும் அங்கே உள்ள மனிதர்களிடமிருந்தும் மனம் விலகிக் கசந்துபோவது, தன்னால் எதுவும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. உளவியல் ஆய்வாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1980-களின் தொடக்கத்திலேயே இந்த மூன்றையும் அளக்க ஒரு வினாத்தாள் உருவாக்கியிருந்தார். உங்கள் கடிதத்தை மறுபடி படியுங்கள். தூக்கமின்மை முதலாவது. வராந்தாவில் கத்தியது இரண்டாவது. 'லாயக்கில்லாதவளா' என்று கேட்பது மூன்றாவது. நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதே சோர்வின் ஒரு பகுதி. சோர்வில் இருப்பவர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை.

உங்கள் பொது மேலாளரின் பொறுமைக் கொள்கையையும் எனக்கு நம்பத் தோன்றவில்லை. ஒன்பது பேர் ஒன்பது வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஒன்பது பேருக்கும் ஒரே குணக்கேடு இருந்து, அது ஒரே ஆண்டில், ஒரே பிரிவில் வெளிப்பட்டது என்றால் அது பெரிய அதிசயம்தான். "நாங்களும் இப்படிப் பட்டுத்தான் மேலே வந்தோம்" என்று ஓட்டல் தொழிலின் மூத்தவர்கள் சொல்வது வழக்கம். அவர்களோடு சேர்ந்து பட்டவர்களில் எத்தனை பேர் மேலே வராமல் பாதியில் போனார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

ராபர்ட் ஐசன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் முன்வைத்த கருத்து ஒன்று உங்களுக்கு உதவும். நிறுவனம் தன் உழைப்பை மதிக்கிறதா, தன் நலனில் அதற்கு அக்கறை உண்டா என்று ஒவ்வோர் ஊழியரும் மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் நம்பிக்கை இருந்தால் நிற்கிறார், இல்லையென்றால் மனத்தளவில் முதலில் போகிறார், உடல் பிறகு போகிறது. இந்தக் கணக்கு விருது விழாவில் எழுதப்படுவதில்லை. லீவு கேட்ட அன்று, விருந்தினர் திட்டிய அன்று, சம்பளப் பட்டியலில் பிடித்தம் விழுந்த அன்று எழுதப்படுகிறது. கேக் வெட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 16 மணி நேரம் நின்ற பெண்ணை, வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் கேக்குக்காக அரைமணி நேரம் காக்க வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது பிறந்தநாள் பரிசு அல்ல.

உங்கள் பிரிவில் எங்கே உடைகிறது என்பதை, நீங்கள் எழுதாவிட்டாலும், ஓரளவு ஊகிக்க முடிகிறது. மதுரை ஓட்டல் என்றால் கல்யாணக் கூட்டம். முகூர்த்தம் காலை ஆறு முதல் ஏழரை என்றால், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எடுத்த முப்பது நாற்பது அறைகளும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் மொத்தமாகக் காலியாகும். அடுத்த விருந்தினருக்கு இரண்டு மணிக்கு அறை தர வேண்டும். உள்ளே போனால் வெள்ளைத் துண்டில் மஞ்சளும் குங்குமமும், தலையணை உறையில் மருதாணி, குளியலறை வடிகாலில் மல்லிகைச் சரமும் தலைமுடியும், தரைவிரிப்பில் நசுங்கிய லட்டு. இரண்டு பேர் தங்க வேண்டிய அறையில் ஏழு பேர் தங்கியிருப்பார்கள். கூடுதல் மெத்தைகளை மடக்கி லிப்டுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கே ஒரு ஆள் வேண்டும்.

இந்த அறையையும், ஒரு மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி தனியாகத் தங்கி, படுக்கை விரிப்பைக்கூடக் கசக்காமல் வெளியே போயிருக்கும் அறையையும், ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) ஒரே மாதிரி 'ஓர் அறை' என்று எழுதுகிறீர்கள் அல்லவா? கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. நான் பார்த்த ஓட்டல்களில், விருந்தினர் தொடர்ந்து தங்கும் அறைக்குச் சுமார் 25 நிமிடம் ஆகும். காலி செய்த அறைக்கு 45 நிமிடம். ஆளுக்கு 14 அறை என்று வைத்தால், முதல் வகையில் 350 நிமிடம், எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாடு போக முடித்துவிடலாம். எல்லாமே காலி அறையானால் 630 நிமிடம். பத்தரை மணி நேரம்! உலகத்தில் எந்தப் பொறுமைசாலியாலும் அதை எட்டு மணி நேரத்தில் முடிக்க முடியாது. மதியச் சாப்பாட்டை விடுவார்கள், குளியலறைத் தரையைத் துடைக்காமல் வருவார்கள், புகார் வரும், நீங்கள் கத்துவீர்கள்.

ஆகவே அறை எண்ணிக்கையை விட்டுவிட்டுப் புள்ளி முறைக்கு வாருங்கள். பெரிய ஓட்டல்களில் இது பழைய நடைமுறை. தங்கும் அறைக்கு ஒரு புள்ளி, காலி அறைக்கு ஒன்றே முக்கால், கல்யாணக் காலி அறைக்கு இரண்டரை என்று நீங்களே கடிகாரம் வைத்து அளந்து முடிவு செய்யலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 அல்லது 16 புள்ளிக்கு மேல் கிடையாது. இதற்கு முதலாளியின் பணம் வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். நாளைக்கே தொடங்கலாம்.

ரோஸ்டருக்கு வருகிறேன். அடுத்த ஆண்டு முகூர்த்த நாட்கள் பஞ்சாங்கத்தில் இப்போதே இருக்கின்றன. மீனாட்சி திருக்கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் என்றைக்கு என்று ஊருக்கே தெரியும். பாங்க்வெட் ஹால் முன்பதிவுப் புத்தகம் ஆறு மாதம் முன்னதாக நிரம்புகிறது. இவ்வளவும் தெரிந்திருக்க, உங்கள் பெண்களுக்கு அடுத்த வார ரோஸ்டர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது என்றால் அது யாருடைய பொறுமையின்மை? பிள்ளையின் பள்ளிக்கூட விழா, மாமியாரின் கண் ஆபரேஷன், ஊர்க் கோவில் கொடை எல்லாம் அந்த இரவுச் செய்திக்காகக் காத்திருக்கின்றன. பதினைந்து நாள் முன்னதாக ரோஸ்டரை ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு வார விடுமுறையை ரத்து செய்ய வேண்டி வந்தால், அந்த வாரத்துக்குள்ளேயே மாற்று நாள் தர வேண்டும். 'பிறகு காம்ப் ஆஃப் எடுத்துக்கொள்' என்று சொல்லி அது வராமலே போவது நம் தொழிலின் மிகப் பழைய ஏமாற்று. நீண்ட லீவுகளை ஆடிக்கும் புரட்டாசிக்கும் ஒதுக்குங்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்று அதையும் சேர்த்துவிடாதீர்கள், ஐயப்ப பக்தர்களும் அரையாண்டு விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான் வந்து நிற்பார்கள்.

வடமாநிலப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு வேறு கணக்கு. அசாமுக்கு ரயிலில் போக மூன்று நாள், வர மூன்று நாள். பத்து நாள் லீவு கொடுத்தால் வீட்டில் இருப்பது நான்கு நாள். அதையும் மறுத்தால் சொல்லாமல் போவார்கள், அறையில் பெட்டி மட்டும் இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை இருபத்தைந்து நாள், தேதி முன்பே குறித்துக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலோர் திரும்பி வருவார்கள், வரும்போது தம்பியையும் கூட்டி வருவார்கள்.

இரட்டை ஷிப்ட் பற்றி ஒரு வார்த்தை. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். தருகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலிருந்தே பதில் தெரிகிறது.

பிடித்தம் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. ஆனால் கறைபட்ட துண்டுக்கும் காணாமல் போன பாத்ரோபுக்கும் அறைப் பணியாளரின் சம்பளத்தில் கை வைக்கும் வழக்கம் பல ஓட்டல்களில் இருக்கிறது. உங்களிடமும் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக வந்த இழப்புக்கு மட்டுமே, அதுவும் அவரிடம் விளக்கம் கேட்ட பிறகுதான், பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கல்யாண வீட்டு மஞ்சளுக்கு அந்தப் பெண் எப்படிப் பொறுப்பாவாள்?

விருந்தினரின் நடத்தை இதைவிடக் கடுமையான விஷயம். கதவை அரைகுறை உடையில் திறப்பவர், 'உட்கார்ந்து பேசிவிட்டுப் போ' என்பவர், குடித்துவிட்டு வழியை மறிப்பவர் என்று ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதை உண்டு. மேலே சொன்னால் "கஸ்டமர், பார்த்து நடந்துகொள்" என்ற அறிவுரைதான் வரும். 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் ஊழியரைக் காப்பது முதலாளியின் கடமை என்று தெளிவாகச் சொல்கிறது. விருந்தினரும் அதில் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம், புகார் தர மூன்று மாத அவகாசம் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரம் 2017-இல், அறைக்குள் தனியாக வேலை செய்யும் ஓட்டல் ஊழியருக்கு அபாய பட்டன் தர வேண்டும் என்று சட்டமே போட்டது. நமக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்துவைத்து டிராலியைக் குறுக்கே நிறுத்துவது, விருந்தினர் உள்ளே இருந்தால் சுத்தம் செய்ய மறுக்கும் உரிமை, இரவு அழைப்புக்கு இருவராகப் போவது, கூப்பிட்டால் டியூட்டி மேனேஜர் உடனே மாடிக்கு வருவது. இவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

வேலையை விட்டுப் போகிறவர்களை, அவர்களின் கடைசி வாரத்தில் மனிதவளப் பிரிவு நிரப்பச் சொல்லும் படிவத்தை வைத்துக் காரணம் தேடாதீர்கள். அதில் எல்லோரும் 'குடும்பச் சூழ்நிலை' என்றுதான் எழுதுவார்கள். அவர்களுக்கு மிச்சச் சம்பளம் வர வேண்டும், அடுத்த ஓட்டலிலிருந்து விசாரித்தால் நாம் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். உண்மை எப்படி வரும்? இப்போது இருக்கும் ஐந்து பழைய ஆட்களிடம் கேளுங்கள். தனித்தனியாக, டீ நேரத்தில், உட்காரவைத்து: "உனக்கு நாளைக்கே வேறு வேலை கிடைத்தால் எதற்காகப் போவாய்?" சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். 'கேன்டீனில் நாங்கள் போகும்போது குழம்பு தீர்ந்துவிடுகிறது' என்பது போலச் சின்னதாகத்தான் தொடங்கும். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

பொது மேலாளரிடம் இதைக் கொண்டுபோவதில் ஒரு சாமர்த்தியம் வேண்டும். 'மன அழுத்தம்' என்று தொடங்கினால் அடுத்த ஊக்க உரைக்குத் தேதி குறித்துவிடுவார். ரூபாயில் தொடங்குங்கள். புதிதாகச் சேர்பவர் முதல் மாதம் பாதி வேலைதான் செய்ய முடியும், 14,000 சம்பளத்தில் 7,000 போகிறது. சீருடை, ஆள் பிடித்துத் தந்தவரின் கமிஷன், அந்த இடைவெளியில் மற்றவர்களின் கூடுதல் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 12,000 என்று குறைத்தே வைத்தாலும் ஒன்பது பேருக்கு 1,08,000 ரூபாய். கூடுதலாக ஒருவரை ஏழெட்டு மாதம் வைத்திருக்கக்கூடிய பணம். இவை என் ஊகக் கணக்கு, உங்கள் ஓட்டலின் உண்மையான எண்களைப் போட்டு நிரப்புங்கள். இரண்டு மணிக்கு அறை தயாராகாமல் வரவேற்பறையில் காத்திருந்த விருந்தினருக்கு எத்தனை முறை வாடகையில் தள்ளுபடி தந்தார்கள் என்ற விவரத்தை ஃப்ரண்ட் ஆபீஸில் வாங்கிப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளோடு மூன்றே மூன்று கேளுங்கள்: முகூர்த்த மாதங்களுக்கு இரண்டு கூடுதல் ஆட்கள், பதினைந்து நாள் ரோஸ்டர், விருந்தினர் விஷயத்தில் எழுத்துமூல உத்தரவு. உங்கள் வார விடுமுறையில் உங்களுக்கு போன் வரக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதை மற்றவர் தருவதற்கு முன் நீங்களே போனை எடுக்காமல் தொடங்க வேண்டும்.

வராந்தாவில் நீங்கள் கத்திய அந்தப் பெண்ணைப் பற்றி. அவளுக்கு இந்த ஓட்டல் என்பது பொது மேலாளரோ முதலாளியோ அல்ல, நீங்கள்தான். போன் செய்யுங்கள். வேலைக்கு வா என்று அழைப்பதற்காக வேண்டாம். "உன்னிடம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, நீ வேலை செய்த நாட்களுக்கான சம்பளத்தை வாங்கித் தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். சொன்னபடி வாங்கியும் கொடுங்கள். புதிதாக வருபவர்களை முதல் இரண்டு வாரம் தனியாக மாடிக்கு அனுப்பாதீர்கள். பழைய ஆள் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள், அந்தப் பழைய ஆளுக்கு அந்த இரண்டு வாரமும் புள்ளியில் குறைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் கற்றுக்கொடுப்பதும் அவர் தலையில் ஏறிய இன்னொரு சுமையாகிவிடும்.

விடுவதா வேண்டாமா? இன்றைக்கு விட வேண்டாம் என்பது என் கருத்து, டாக்டர் வேறுவிதமாகச் சொன்னாலொழிய. இதில் கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. வேலையை விடும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டுப் பணி வேண்டும். ஆனால் நான்கு ஆண்டு முடிந்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதையும் ஐந்து ஆண்டாகக் கொள்ளலாம் என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. உங்களுக்கு அது ஏறக்குறைய இன்னும் நான்கு மாதத்தில் வருகிறது. உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 18,000 என்றால், 15 நாள் சம்பளத்தை 26 நாள் கணக்கில் ஐந்து ஆண்டுக்குப் போட்டால் 51,900 ரூபாய்க்குச் சற்று மேல். விட்டுக்கொடுக்க வேண்டிய தொகை அல்ல.

அந்த நான்கு மாதத்தை ஓட்டலுக்குத் தரும் அவகாசமாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட மூன்றில் குறைந்தது இரண்டு நடந்திருந்தால் இருங்கள். மூன்றாவது மாதம் முடிந்தும் 'பார்க்கலாம்' என்ற பதிலே வந்துகொண்டிருந்தால் வேறு இடம் பாருங்கள். மதுரையில் மருத்துவமனைகளும் கல்லூரி விடுதிகளும் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வைக்கு உங்களைப் போன்றவர்களைத் தேடுகின்றன, அங்கே கல்யாணக் கூட்டம் கிடையாது. ராஜினாமாவைக் கோபத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், நோட்டீஸ் காலத்தோடு கடிதமாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பணிச் சான்றிதழைக் கையோடு கேளுங்கள். பி.எஃப். கணக்கை எடுத்துச் செலவழிக்காமல் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டி விண்ணப்பத்தை 30 நாளுக்குள் கொடுங்கள், தர மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு செய்யலாம், அதற்கு வக்கீல் தேவையில்லை.